ஒத்திகையிலேயே தீர்ந்த வெளிச்சம்

அத்தியாயம் 11

போன வாரம் நாற்பது நிமிட மின்வெட்டோடு நிறுத்தியிருந்தோம். நாற்பதே நிமிடம். அதற்குள் இந்த வீடு பட்ட பாடு நினைவிருக்கும். சைரன் மெழுகுவத்தியைத் தேடி எடுத்தார். தீப்பெட்டியைத் தேடப் போனார். தீப்பெட்டி கிடைத்தபோது மெழுகுவத்தியை எங்கே வைத்தோம் என்பது மறந்து போயிருந்தது. திரும்பத் தேடப் போய் செருப்பு அலமாரியில் முழங்காலை இடித்துக்கொண்டார். அவர் மனைவி குளியலறையில் தலை நிறைய நுரையோடு, "யாராவது இருக்கீங்களா?" என்று அரை மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

சைரன் என்பது பட்டப்பெயர். ரசாயனத் தொழிற்சாலை ஒன்றில் இருபத்தொன்பது வருடம் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மாதம் ஒருமுறை சைரனை அலற விட்டு, ஆயிரம் பேரை மைதானத்தில் வரிசையாக நிறுத்தி, தலையெண்ணித் திருப்பி அனுப்பியவர். அவர் காலத்தில் அங்கே ஒரு விபத்துகூட நடந்ததில்லை. அதில் அவருக்கு ரொம்பப் பெருமை. கொஞ்சம் வருத்தமும் இருக்கும் என்பது என் சந்தேகம்.

அப்பேர்ப்பட்டவர் சொந்த வீட்டுச் செருப்பு அலமாரியில் இடித்துக்கொண்டால் சும்மா இருப்பாரா?

இன்னொரு விஷயமும் பாக்கி இருக்கிறது. மருமகள் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் ஏழு வருடமாக வேலை பார்க்கிறாள். தண்ணீரைச் சோதிப்பது அவள், முடிவை எழுதுவது அவள், கீழே கையெழுத்துப் போடுவது மட்டும் வேறொருவர். இப்போது நானூறு கிலோமீட்டர் தள்ளி வேறொரு ஊரில், ஒரு கூடத்துக்கே தலைமை ஏற்கும் வேலைக்கு இரண்டு சுற்றுத் தேறிவிட்டாள். மூன்றாவது சுற்றும் தேறினால் கணவனோடு அடுத்த மாதமே பெட்டி கட்ட வேண்டும்.

இது வீட்டுப் பெரியவர்கள் இருவருக்கும் தெரியாது. சொல்கிறேன் என்று பொறுப்பேற்றவன் மகன். பூனைக்கு மணி கட்ட ஒப்புக்கொண்டு மூன்று வாரம் ஆகிறது. போன வாரம் ஒருவழியாகத் தைரியம் வந்து, "அப்பா, ஒரு விஷயம்..." என்று ஆரம்பித்தான். அந்த நேரம் பார்த்துத்தான் மின்சாரம் போயிற்று.

"அவன் எப்போதுதான் வாயைத் திறப்பான்?" என்று ஒரு வாசகி கோபமாக எழுதியிருக்கிறார். எனக்கும் அதே கோபம்தான் அம்மா. கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க ஊரார் கண்ணைச் சோதிக்கிறவன். அப்பாவின் கண்ணைப் பார்த்துப் பேசத்தான் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டேமுக்காலுக்குக் கூடத்தில் விசில் சத்தம்.

"எல்லாரும் வாங்க! வரிசையா நில்லுங்க!"

மூன்று பேர்தான். ஆனாலும் வரிசை வரிசைதான். மனைவி கையில் கரண்டியோடு வந்து நின்றார். மகன் பல் துலக்கிய வாயைத் துடைத்துக்கொண்டு நின்றான். மருமகள் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னிக்கு ஒன்பது மணியிலேர்ந்து சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் இந்த வீட்ல கரண்ட் கிடையாது" என்றார் சைரன். "மெயின் ஸ்விட்சை நானே இறக்கப் போறேன். போன் எல்லாம் இந்த பிஸ்கட் டப்பாவுக்குள்ள. நிஜமா ஒரு ஆபத்து வந்தா நாம எப்படி இருப்போம்னு பார்க்கணும்."

"எப்படி இருப்போம்? போன வாரம் இருந்த மாதிரிதான் இருப்போம்" என்றார் மனைவி.

"அதுக்குத்தான் ஒத்திகை!"

மருமகள் மெதுவாகக் கேட்டாள். "சரியா ஆறு மணிக்கு முடிஞ்சுடும்ல மாமா?"

"என் சர்வீஸ்ல ஒரு ஒத்திகை ஒரு நிமிஷம் தள்ளிப் போனது கிடையாதும்மா."

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் பிஸ்கட் டப்பாவைப் பார்த்தான். மூன்றாவது சுற்று நேர்காணல் அன்று மாலை ஆறரைக்கு, கணினி வழியாக. தேர்வுக் குழுவில் இருந்த மூன்று பேருக்கும் ஞாயிற்றுக்கிழமைதான் ஒழிந்ததாம். வீட்டுக் கணினியோ பழசு. செருகியிருக்கும் வரை வேலை செய்யும், பிடுங்கினால் மயங்கி விழும்.

ஆறுக்கும் ஆறரைக்கும் நடுவே அரை மணி இருக்கிறதே என்று மருமகள் மனத்தைத் தேற்றிக்கொண்டு, தன் போனை அணைத்து டப்பாவில் போட்டாள். மாமியார் தன்னுடைய பட்டன் போனைப் போட்டார். மகனும் ஒன்றைப் போட்டான். அது இரண்டு வருடத்துக்கு முன்பே உயிரை விட்ட பழைய போன் என்பது அவனுக்கு மட்டும்தான் தெரியும். சைரன் தன் போனை மட்டும் வைத்துக்கொண்டார், நேரம் குறிக்க ஒருவருக்குத் தேவையாம்.

ஒன்பது மணி. மெயின் ஸ்விட்ச் இறங்கியது. மின்விசிறி சோர்ந்து சுற்றி நின்றது.

அடுத்து சைரன் செய்ததை, இருபத்தொன்பது வருடம் ஒத்திகை நடத்திய ஒருவர்தான் செய்ய முடியும். புதிதாக வாங்கிய நான்கு டார்ச்சுகளையும் சாப்பாட்டு மேசையில் வரிசையாக நிறுத்தினார். நான்கையும் எரியவிட்டார். நோட்டை விரித்து, கட்டம் போட்டு, ஆரம்பித்த நேரத்தைக் குறித்தார்.

"பட்டப்பகல்ல எதுக்குங்க டார்ச்?" என்றார் மனைவி.

"எத்தனை மணி நேரம் தாங்கும்னு தெரியாம ஒரு டார்ச்சை எப்படி நம்புறது? அட்டையில எட்டு மணி நேரம்னு போட்டிருக்கான். போட்டிருக்கான்னா ஆச்சா?"

பத்து மணிக்கு ஒரு தட்டில் ஆறு மெழுகுவத்திகளை ஏற்றினார். ஒன்றை ஏற்றினால் போதாதா என்று மகன் கேட்டான். ஆறும் ஒரே மாதிரி எரிகிறதா என்று பார்க்க வேண்டாமா என்று பதில் வந்தது. நாய் வேஷம் போட்டால் குரைத்துத்தான் ஆக வேண்டும் என்று முணுமுணுத்துக்கொண்டே மனைவி அடுப்படிக்குப் போய்விட்டார்.

அங்கே நான்கு பெரிய வாளிகளில் அவசரகாலத் தண்ணீர் இருந்தது. மருமகள் ஒன்றைத் திறந்து முகர்ந்தாள்.

"மாமா, இதை எப்ப பிடிச்சீங்க?"

"போன மாசம். ஏன்?"

"அவசரத்துக்கு வெச்ச தண்ணிதானே? இதைக் குடிச்சா புதுசா ஒரு அவசரம் வரும் மாமா. கொட்டிடட்டுமா?"

சைரன் கொஞ்சம் யோசித்தார். பிறகு நோட்டில் "தண்ணீர்: தோல்வி" என்று எழுதினார். தப்பு என்று தெரிந்தால் தன் மதிப்பெண்ணையே குறைத்து எழுதிக்கொள்ளக் கூடிய மனிதர். அந்த ஒரு குணத்துக்காகத்தான் மருமகளுக்கு அவரைப் பிடிக்கும். அவரிடம் மறைக்கிறோமே என்று அவள் மூன்று வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

மதியம் பன்னிரண்டரைக்குக் குளியலறைக்குள்ளிருந்து போன் மணி அடித்தது.

எல்லோரும் மகனைப் பார்த்தார்கள். அவன் திருடனுக்குத் தேள் கொட்டியது போல விழித்தான். வலிக்கிறது என்று கத்தவும் முடியாது.

"உன் போன் டப்பாவுல இல்ல இருக்கு?" என்றார் சைரன்.

"அது... பழைய போன்ப்பா."

"ஆக, காலையிலேர்ந்து ஏழு தடவை பாத்ரூம் போனியே, வயிறு சரியில்லைன்னு உங்கம்மா கஷாயமே வெச்சுட்டா. இதுக்குத்தானா?"

போன் பறிமுதலானது. காலையிலிருந்து ஏதோ விளையாட்டுப் பார்த்ததில் மூன்று சதவீதம்தான் மிச்சம். வைத்த கஷாயம் வீணாகக் கூடாது என்று அம்மா அதையும் குடிக்க வைத்தார்.

"இன்னிக்கு ஒண்ணு கவனிச்சீங்களா?" என்றார் அவர், பாத்திரத்தை வாங்கிக்கொண்டே. "பக்கத்து வீட்டு டிவி சத்தம்கூட இல்ல. எவ்வளவு நிம்மதியா இருக்கு."

"நம்மளப் பார்த்து நாலு பேர் திருந்தினா நல்லதுதானே" என்றார் சைரன்.

மூன்று மணிக்கு அடுப்படியில் மருமகள் கணவனை மடக்கினாள்.

"இன்னும் மூணரை மணி நேரம்தான் இருக்கு. இப்பவாவது சொல்லுங்க."

"ஒத்திகை முடியட்டுமே. அப்பா நல்ல மூட்ல இருப்பாரு."

"மூணு வாரமா அவர் மூடுக்காகக் காத்துக்கிட்டிருக்கீங்க. ஏழு வருஷமா நான் சோதிச்ச தண்ணிக்கு இன்னொருத்தர் கையெழுத்துப் போடுறாரு. எனக்கு இந்த வேலை வேணும். திருட்டுத்தனமா வேணாம்."

"சொல்றேன். சத்தியமா ஆறு மணிக்குச் சொல்றேன்."

கூடத்தில் டார்ச்சுகள் ஒவ்வொன்றாக உயிரை விட்டுக்கொண்டிருந்தன. முதலாவது ஆறு மணி பத்து நிமிடம். கடைசியானது நாலு நாற்பதுக்கு அணைந்தது. "ஏழு மணி நாற்பது நிமிஷம்! பரவாயில்லை, நல்ல டார்ச்" என்று சைரன் அதைத் தட்டிக் கொடுத்தார். மெழுகுவத்திகள் எப்போதோ உருகித் தட்டோடு ஒட்டியிருந்தன. நேரம் குறித்துக் குறித்து அவருடைய போனும் ஐந்து மணிக்குக் கண்ணை மூடிவிட்டது. அதையும் எழுதிக்கொண்டார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து.

ஆறு மணி. விசில்.

"ஒத்திகை வெற்றி! யாரும் பதறல, யாரும் இடிச்சுக்கல!" என்று சொல்லிக்கொண்டே போய் மெயின் ஸ்விட்சை மேலே தூக்கினார்.

ஒன்றும் நடக்கவில்லை.

இறக்கினார். தூக்கினார். மறுபடி இறக்கித் தூக்கினார். மின்விசிறி அசையவில்லை.

"காலையில டக்குனு இறக்குனப்பவே நினைச்சேன்" என்றார் மனைவி. "சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தாச்சு."

சைரன் முகம் வெளிறிவிட்டது. மகன் எதிர்வீட்டுக்கு ஓடி, அங்கே இருக்கும் எலக்ட்ரீஷியனைக் கையோடு கூட்டி வந்தான். வந்தவர் ஸ்விட்சைக்கூடத் தொடவில்லை.

"என்ன சார், கிண்டல் பண்றீங்களா? தெருவுக்கே கரண்ட் இல்ல. காலையில பதினொன்றரைக்கு டிரான்ஸ்ஃபார்மர் போச்சு. வர்றதுக்கு எட்டு, ஒன்பது ஆகும்."

"பதினொன்றரைக்கா?" என்றார் சைரன்.

"உங்களுக்குத் தெரியாதா? தெருவே உங்களைத்தான் பேசிக்கிட்டிருக்கு. காலையில பத்து மணிக்கே மேசை மேல டார்ச்சும் மெழுகுவத்தியுமா எரிஞ்சுதாமே. சாருக்கு மேலிடத்துலேர்ந்து தகவல் வந்திருக்கு, எப்படி முன்கூட்டியே தயாரா இருக்கார் பாருன்னு எல்லாரும் ஆச்சரியப்படுறாங்க." எலக்ட்ரீஷியன் குரலைத் தாழ்த்தினார். "சார், அந்த டார்ச்சுல ஒண்ணு கிடைக்குமா? எங்க வீட்ல ஒண்ணுகூட இல்ல."

சைரன் மேசைப் பக்கம் திரும்பினார். மேசையில் நான்கு டார்ச்சுகளும் செத்துக் கிடந்தன. ஒவ்வொன்றும் எத்தனை மணி நேரம் எரிந்தது என்று நிமிடச் சுத்தமாக எழுதி வைத்திருந்தது. எரிய வைக்க வேண்டிய நேரத்தில் எழுத்துதான் மிச்சம்.

எலக்ட்ரீஷியன் போன பிறகு மருமகள் மணியைப் பார்த்தாள். ஆறு பதினைந்து. கணவனைப் பார்த்தாள். அவன் சுற்றாத மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். இனி காத்திருந்து பயனில்லை.

"மாமா, எனக்கு ஆறரைக்கு ஒரு இன்டர்வியூ இருக்கு. கம்ப்யூட்டர்ல. லேப்புக்குத் தலைமைப் பொறுப்பு. கடைசிச் சுற்று."

"தலைமைப் பொறுப்பா!" சைரனின் முகத்தில் ரத்தம் திரும்ப வந்தது. "இதை ஏம்மா முன்னாடியே சொல்லல? ஒத்திகையைத் தள்ளி வெச்சிருப்பேனே!"

"இல்ல மாமா, அந்த வேலை எங்கன்னா..."

"எங்கன்னு அப்புறம் பேசிக்கலாம். பதினாலு நிமிஷம்தான் இருக்கு!"

அவளை மேற்கொண்டு பேசவே விடவில்லை அவர். இருபத்தொன்பது வருடம் வராத அவசரம் இப்போதுதான் வந்திருக்கிறது. ஆளே மாறிவிட்டார். போன் எது உயிரோடு இருக்கிறது? டப்பாவைத் திறந்தார்கள். வீட்டிலேயே விதியை ஒழுங்காக மதித்து அணைத்து வைத்தவள் மருமகள் ஒருத்திதான். அவள் போனில் எண்பத்திரண்டு சதவீதம். உட்கார இடம்? உள்ளறை மேசை. போனைச் சாய்த்து வைக்க? நாலு புத்தகம். எல்லாம் ஐந்து நிமிடத்தில் தயார்.

வெளிச்சம்தான் இல்லை. உள்ளறை ஜன்னலுக்கு எதிரே பக்கத்து வீட்டுச் சுவர். போன் திரையில் மருமகளின் முகம் இருந்த இடத்தில் கறுப்பாக ஏதோ அசைந்தது.

"ஒரே ஒரு டார்ச்..." என்று சைரன் தலையில் கைவைத்தார்.

மனைவி எழுந்து போனார். துணி அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. புத்தம்புது டார்ச் ஒன்றோடு வந்தார்.

"இது ஏது?"

"நீங்க வாங்கினது அஞ்சு. ஒண்ணை நான் எடுத்து உள்ள வெச்சுட்டேன்."

"அடிப்பாவி! அஞ்சுக்கு நாலுதான் கொடுத்தான்னு நேத்து கடைக்காரன்கிட்ட அந்தச் சண்டை போட்டேனே!"

"பக்கத்துலதானே நின்னேன். பார்த்தேன்."

"அப்ப ஏன் சொல்லல?"

"சொன்னா இதையும் மேசையில நிறுத்தி எரிச்சிருப்பீங்க. முப்பத்தஞ்சு வருஷமா உங்களோட குடும்பம் நடத்துறேன். எனக்குத் தெரியாதா?"

பதில் சொல்ல நேரமில்லை. மகன் டார்ச்சை வாங்கி போனுக்குப் பின்னால் நின்று பிடித்தான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுத்ததோ என்னவோ, வெளிச்சம் சுவரெல்லாம் ஓடியது.

"கொடு இங்க" என்றார் சைரன்.

"வேண்டாம் மாமா" என்று மருமகள் பதறினாள். "அவரே பிடிக்கட்டும். நீங்க வெளிய உட்காருங்க."

"இவன் பிடிச்சா உனக்கு வேலை கிடைக்காதும்மா. முகத்தை நிமிர்த்து. நான் மூச்சுகூட விடமாட்டேன்."

போன் அழைத்தது. எடுத்துத்தான் ஆக வேண்டும். மகன் சத்தமில்லாமல் அறையை விட்டு நழுவினான்.

திரையில் மூன்று முகங்கள். நடுவில் இருந்த கண்ணாடி அணிந்த பெண்மணிதான் அதிகம் கேட்டார். டார்ச் வெளிச்சம் கண்ணில் அடித்ததால் மருமகளுக்குத் திரையைத் தாண்டி ஒன்றும் தெரியவில்லை. மாமனார் இருட்டாகிவிட்டார்.

"ஒரு கேள்வி" என்றார் பெண்மணி. "வெள்ளிக்கிழமை சாயங்காலம். ஒரு தொட்டித் தண்ணீர்ல கிருமி இருக்கிறதா முடிவு வருது. மேலதிகாரி, திங்கட்கிழமை மறுபடி சோதிச்சுட்டு அறிவிக்கலாம்னு சொல்றார். என்ன செய்வீங்க?"

"அன்னிக்கு ராத்திரியே தொட்டியை மூடச் சொல்வேன் மேடம். மறுபடி சோதிக்கிறதை மூடிட்டுச் சோதிக்கலாம். அப்புறம் நான் சொன்னது தப்புன்னு தெரிஞ்சா, தப்புன்னு எழுதிக் கையெழுத்துப் போடுவேன். ரெண்டு நாள் ஊர் குடிச்சிட்டா அதை அழிச்சு எழுத முடியாது."

இருட்டுக்குள்ளிருந்து மெலிதாக, "சபாஷ்" என்று ஒரு சத்தம் வந்தது. மருமகள் கேட்காதது போல இருந்தாள்.

இருபது நிமிடம் போயிற்று. வெளிச்சம் ஓர் அங்குலம் அசையவில்லை. அறுபத்தைந்து வயதுக் கை.

"எங்களுக்குத் திருப்தி" என்றார் பெண்மணி. "கடைசியா ஒண்ணே ஒண்ணு. உங்க வீட்டுக்கும் எங்க ஊருக்கும் நானூறு கிலோமீட்டர். அடுத்த மாசம் முதல் தேதி குடும்பத்தோட வந்துடணும். போன தடவை நாங்க வேலைக்கு எடுத்தவர் வீட்ல சம்மதிக்கலைன்னு பத்தே நாள்ல திரும்பிப் போயிட்டார். அதனால வெளிப்படையா கேட்கிறேன். வீட்ல பேசிட்டீங்களா?"

மருமகள் வாயைத் திறந்தாள்.

வெளிச்சம் மெதுவாக அவள் முகத்திலிருந்து இறங்கியது. கழுத்துக்கு வந்தது. மேசைக்கு வந்தது. அவளுடைய இரண்டு கைகளில் விழுந்து அங்கேயே நின்றது.

"ஹலோ? உங்க முகம் தெரியலையே" என்றார் பெண்மணி.

ஆமாம் என்று சொல்லிவிடலாம். ஒரு சொல்தான். ஆனால் சோதிக்காத தண்ணீருக்கு அவள் இதுவரை நல்ல தண்ணீர் என்று எழுதியதில்லை. இல்லை என்று சொன்னால் ஏழு வருடம் இன்னும் ஏழு வருடமாகும். அழுகை வந்தது. மாமனாரின் முகத்தை ஒரு கணம் பார்க்க முடிந்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

வெளிச்சம் மறுபடி ஏறியது. கழுத்து, கன்னம், கண். ஏறி, முன்பு நின்ற இடத்திலேயே நின்றது.

"சம்மதம்னு சொல்லும்மா" என்றது இருட்டுக்குள்ளிருந்து ஒரு குரல். "பேட்டரி தீர்ந்துடப் போகுது."

"வீட்ல சம்மதம் மேடம்" என்றாள் மருமகள். சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது.

"நல்லது. முடிவை நாளைக்குச் சொல்றோம்." மூன்று முகங்களும் மறைந்தன.

சைரன் டார்ச்சை அணைக்கவில்லை. அதைப் பிடித்தபடியே கட்டிலில் உட்கார்ந்தார்.

"எத்தனை நாளா தெரியும்?"

"மூணு வாரமா மாமா. சொல்லணும்னு தினம் நினைச்சேன். மன்னிச்சுடுங்க."

"அவன் சொல்றேன்னிருப்பான்."

அவள் போனை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள்.

"நல்லாத்தான் பதில் சொன்னே. அந்தத் தொட்டி பதில் பிரமாதம்." அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "தண்ணி, டார்ச்சு, மெழுகுவத்தி எல்லாத்துக்கும் பட்டியல் போட்டேன். வீட்ல ரெண்டு பேர் குறைஞ்சா என்ன பண்றதுன்னு எனக்குத் தோணவே இல்லம்மா."

மருமகள் எழுந்து வந்து அவர் காலடியில் உட்கார்ந்தாள். அழுகையை அடக்க அவள் முயலவில்லை. அவரும் அவள் தலையில் கையை வைத்துக்கொண்டு, "சரி சரி, போய்ட்டு வாங்க. நானூறு கிலோமீட்டர் ஒரு தூரமா?" என்று தனக்கே சொல்லிக்கொள்வது போலச் சொன்னார்.

அப்போது வாசல் பக்கம் ஏதோ அசைந்தது. சைரன் டார்ச்சைத் திருப்பினார்.

வெளிச்சத்தில் அவர் மனைவி நின்றுகொண்டிருந்தார். மருமகளுக்குத் தொண்டை வறளுமே என்று ஒரு தம்ளர் வெந்நீர் கொண்டு வந்தவர். எப்போதிலிருந்து நிற்கிறார் என்று தெரியவில்லை. வெந்நீரில் ஆவி அடங்கியிருந்தது.

அவர் மருமகளைப் பார்க்கவில்லை. கணவரைத்தான் பார்த்தார்.

"வீட்ல சம்மதம்னு சொன்னீங்களே. யாரைக் கேட்டுச் சொன்னீங்க?"